சூட்டில் எடுக்காத வண்டி

“அடி” என்றார் அண்ணன்.

கேபினுக்குள் உட்கார்ந்திருந்த தம்பி மகள் சாவியைத் திருப்பினாள். திறந்துகிடந்த பானட்டுக்கு அடியில் டிக் டிக் டிக்கென்று பல்லி கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. இன்ஜின் அசையவில்லை.

“விடு.”

விட்டாள். கண்ணாடி வழியாக அவரைப் பார்க்காமல் ஸ்டியரிங்கின் நடுவில் வெடித்திருந்த பிளாஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக அவர் பார்த்தபோது அவள் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். இப்போது இருபத்திரண்டு வயது. முகவாயில் அப்பன் ஜாடை அப்படியே இறங்கியிருந்தது.

பதினேழு வருஷத்துப் பழைய டீசல் பிக்கப். முன்பாதி முற்றத்திலும் பின்பாதி தெருவிலுமாகக் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. கடைசியாக ஓட்டிவந்த அன்று அதற்குமேல் உள்ளே ஏற்றத் தம்பிக்குத் தெம்பில்லை. அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் படுத்தவன்தான். மூன்று மாதமாக வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வயிற்றை எக்கிக்கொண்டு, சுவரை உரசி, பக்கவாட்டில்தான் உள்ளே நுழைகிறார்கள். இன்று காலை அண்ணனும் அப்படித்தான் நுழைந்தார். ஸ்கூட்டரில் கொண்டுவந்த பேட்டரியை மட்டும் வண்டியின் பின்தட்டில் ஏற்றி இந்தப் பக்கம் இறக்கினார்.

இன்ஜினை முதல் சுற்று சுற்றிவிடுகிற மோட்டாரைத் தொழிலில் செல்ஃப் என்பார்கள். முப்பத்துநாலு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, செல்ஃப்காரர் என்றால்தான் தெரியும்.

நேற்று மாலை தம்பி மனைவி போன் பண்ணியிருந்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

“மாமா, வண்டி எடுக்க மாட்டேங்குதாம். உங்களை வந்து பாக்கச் சொல்றார்.”

வயிற்றில் வந்த கட்டி ஈரலுக்கும் பரவி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதுவும் அவருக்குத் தெரியும். எழுந்திருக்க முடியாதவனுக்கு வண்டி எதற்கு என்று கேட்க வாய் வரவில்லை.

“என்ன மாதிரி சத்தம் வருது?” என்றுதான் கேட்டார்.

காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்கியதும் அவள் வாசலுக்கு வந்தாள். “உள்ள வாங்க மாமா. முழிச்சுட்டுத்தான் இருக்கார்.”

“வண்டியப் பாத்துடறேன். முடிச்சுக் கை கழுவிட்டு வரேன்.”

அவர் அப்போது இன்னும் எதையும் தொட்டிருக்கவில்லை. கை சுத்தமாக இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

தம்பியின் கட்டில் முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே கிடந்தது. வண்டியிலிருந்து பத்தடிதான் இருக்கும். பாதி விலகிய திரைக்குப் பின்னால் தலையணையின் ஓரமும், தொங்கவிட்ட துண்டும் தெரிந்தன. ஆள் தெரியவில்லை.

பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வெந்நீர் வாங்கி ஊற்றி, எமரித் தாளால் தேய்த்து, கொண்டுவந்த பேட்டரியை மாட்டினார். “சாவியை ஹீட்டர்ல வச்சு இருபது எண்ணு. அப்புறம் அடி.”

தம்பி மகள் எண்ணினாள். திருப்பினாள். இரண்டே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின்பக்கம் கரும்புகை கக்கி, ஒருமுறை உடம்பை உதறி, பிறகு தட தடவென்று ஓடத் தொடங்கியது.

“பேட்டரிதான்” என்றார் அண்ணன், துணியில் கையைத் துடைத்தபடி. ஜன்னலுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

தம்பி மனைவி உள்ளே போய்விட்டு வந்தாள். “அது இல்லையாம் மாமா.”

“எது இல்லையாம்?”

“பேட்டரி இல்லையாம். சூடேறாம பச்சையா இருக்கிறப்போ எப்பவுமே எடுக்குமாம். நல்லா ஓடவிட்டுச் சூடேத்தி, அணைச்சுட்டு, திரும்ப அடிச்சுப் பாக்கச் சொல்றார்.”

அண்ணன் துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மனைவி இறந்த அன்று தம்பி லோடோடு ஐந்து மணி நேரத் தூரத்தில் இருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன். காலை எட்டு மணிக்குச் செய்தி சொன்னார்கள். இதோ கிளம்பிட்டேன் என்றான். மாலை மூன்று வரை அவனுக்காக உடலை எடுக்காமல் வைத்திருந்தார்கள். வரவில்லை. மறுநாள் விடியற்காலையில் வந்து, உள்ளே வர முகமில்லாமல் தெருமுனையில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பத்து மணிக்குத்தான் வீட்டுக்குள் நுழைந்தான். “டீசல் போட நிறுத்தினேண்ணே. அப்புறம் செல்ஃப் எடுக்கல” என்றான்.

அண்ணன் எழுந்தார். அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை உருவிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். சொந்தபந்தம் மொத்தமும் பின்னால் வந்தது. சாவியைத் திருப்பினார். முதல் அடியிலேயே வண்டி எடுத்தது. “செல்ஃப்காரன்கிட்டயே செல்ஃப் கதை விடறியா?” என்று கேட்டார். இன்ஜினை அணைக்காமலே கீழே இறங்கினார். “அதான் எடுத்துடுச்சே. கிளம்பு.”

தம்பி எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்து கிளம்பிப் போனான். அதோடு சரி.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சூடேற முக்கால் மணி நேரமாவது ஆகும். அண்ணன் படிக்கட்டின் கடைசிப் படியில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

“நீங்க உள்ள போய்ப் பாத்துட்டு வரலாமே பெரியப்பா” என்றாள் தம்பி மகள். காலையிலிருந்து அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அது.

“இன்ஜின் ஓடறப்போ பக்கத்துல ஆள் இருக்கணும்.”

“நான் இருக்கேனே.”

“உனக்குத் தெரியாது.”

“மூணு வருஷமா நானுந்தான் ஓட்டறேன்” என்றாள்.

தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “புகை உள்ள வருதேன்னு ஜன்னலைச் சாத்தப் போனேன். வேண்டாங்கறார்” என்றாள். சுவரில் சாய்ந்து நின்றாள். நிறைய நாள் தூங்காத முகம். “இந்த வண்டியோட நாங்க பட்ட பாடு இருக்கே மாமா. ஆறு வருஷமா உருட்டி ஸ்டார்ட் பண்ண வசதியா மேடு பாத்துத்தான் நிறுத்துவார். மேடு இல்லாத பக்கம்னா லோடே ஒத்துக்க மாட்டார். சாப்பிட உக்காந்தாக்கூட இன்ஜினை அணைக்கிறதில்ல. ஓட்டல்காரன் ஒருத்தன், ‘உன் வண்டியும் உன்கூடவே சாப்பிடுதா’ன்னு கேட்டானாம்.”

“வேற எங்கயாவது காட்டியிருக்கலாமே.”

“சொல்லாமலா இருப்பேன்? ‘கூடப் பொறந்தவனே செல்ஃப்காரன், நீ எதுக்கு எங்கிட்ட வந்தேன்னு கேப்பான், நான் என்ன பதில் சொல்றது’ம்பார்.” தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “அவருக்கும் சேத்து நீங்க, உங்களுக்கும் சேத்து அவரு. ஒரே வயித்துல பொறந்த ரெண்டு வீம்பு. நடுவுல நான் காலையிலேருந்து தூது போயிட்டிருக்கேன்.”

உள்ளே இருமல் சத்தம் கேட்டது. அவள் ஓடினாள்.

சூட்டுமுள் பாதிக்குமேல் ஏறி நின்றபோது மணி பதினொன்றேகால். “அணை” என்றார் அண்ணன். சத்தம் நின்றதும் முற்றம் திடீரென்று பெரிதாகிவிட்டது. ஜன்னலுக்குள்ளிருந்து மூச்சு வாங்குவது கேட்டது. அந்தச் சத்தத்தை மறைப்பதற்காகவே பானட்டைப் பிடித்திருந்த கம்பியை ஒருமுறை தட்டினார்.

ஐந்து நிமிஷம் விட்டார்.

“அடி.”

டொக்.

ஒரே ஒரு சத்தம். இன்ஜின் அசையவில்லை.

“இன்னொரு தடவை.”

டொக்.

“கேபின் லைட்டைப் போட்டுக்கோ. அடிக்கிறப்போ அது எப்படி எரியுதுன்னு பாத்துச் சொல்லு.”

டொக்.

“மங்குது பெரியப்பா. நல்லாவே மங்குது.”

விளக்கு மங்காமல் எரிந்தால் கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை, வழியில் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மங்கினால் கரண்ட் போகிறது, மோட்டார்தான் உள்ளே இறுகிக் கிடக்கிறது. குளிர்ந்திருந்தால் சுற்றும், சூடேறினால் இறுகும். கடைக்கு வருகிற டிரைவர்களிடம் நாளுக்கு நாலு தடவை அவரே சொல்வார்: பச்சையில எடுத்துச்சுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமில்லப்பா, சூடாக்கிட்டு வா, அப்புறம் பேசுவோம். யார் வண்டியாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். அன்றைக்குத் தெருமுனையில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

தம்பி மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

“போய்ச் சொல்லும்மா” என்றார். கனைத்துக்கொண்டார். “சூட்டுல எடுக்கலன்னு சொல்லு.”

அவள் போனாள். திரும்பி வரக் கொஞ்சம் நேரமானது.

“என்ன சொன்னான்?”

“‘அவர் வாயாலயே சொன்னாரா’ன்னு கேட்டார். ஆமான்னேன். திரும்பவும் அதையே கேட்டார்.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நீங்க சாப்பிட்டுட்டுத்தான் போகணுமாம்.”

உள்ளே போவதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. அண்ணனுக்கும் தெரிந்தது. ஒரு அடி எடுத்தும் வைத்தார். ஆனால் என்ன சொல்லிக்கொண்டு போவது? நீ சொன்னது நிஜம்தான்டா என்றா? கையில் ஏதாவது இருந்தால் பேச்சு வந்துவிடும் என்று தோன்றியது. இதுதான் போயிருக்கு பார் என்று நீட்டிவிடலாம். அவன் வாங்கிப் பார்ப்பான். அதன் பிறகு மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

“அரை மணி நேரம். கழட்டிப் பாத்துட்டு வந்துடறேன்.”

“மாமா” என்றாள் அவள்.

பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு, சாக்கை விரித்து அடியில் படுத்தார். சூடு முகத்தில் அடித்தது. மோட்டாரின் வயிற்றில் கைவைத்துத் தடவிப் பார்த்தார். ஒரே பள்ளமும் மேடுமாக இருந்தது. டார்ச் அடித்தார். சுத்தியலாலும் ஜாக்கிக் கம்பியாலும் அடித்த காயங்கள். புதிய காயங்கள் பளபளத்தன. அவற்றுக்கு அடியில் துரு ஏறிய பழைய காயங்கள், அதற்கும் கீழே எண்ணெயும் மண்ணும் மூடிப்போனவை. இறுகிய மோட்டாரைத் தட்டி இளக்குவதற்காக ஒரு மனிதன் எத்தனை ரோட்டோரங்களில் இப்படி மல்லாந்து கிடந்திருக்கிறான் என்று அவரால் எண்ண முடியவில்லை. எண்ணவும் விரும்பவில்லை.

இரண்டு போல்ட்டுகள். மேல் போல்ட் சுலபத்தில் வரவில்லை. இறக்கி வெளியே இழுத்து வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

பின்மூடியை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்ததும் மஞ்சள் பெயிண்ட் தெரிந்தது.

எந்த செல்ஃபைப் பூட்டி முடித்தாலும் அவர் திருகுகளின் தலையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பார். வேறு யாராவது திறந்து நோண்டிவிட்டு, கெட்டுப்போனால் அவர் தலையில் கட்டக் கூடாது என்பதற்காக. பொட்டு வெடிக்காமல் இருந்தது. இரண்டு திருகுகளிலும். அவருக்குப் பிறகு யாருமே இதைத் திறக்கவில்லை.

திறந்தார். நடுவில் சுற்றுகிற ஆர்மேச்சரை வெளியே எடுத்தபோது அதன் ஒரு பக்கம் கண்ணாடியாக மின்னியது. சுற்றிலும் இருக்கிற இரும்பில் உரசி உரசித் தேய்ந்த மினுக்கு. அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய புஷ் பின்மூடியில் இருந்தது. விரல் தடிமன்கூட இல்லாத பித்தளை வளையம். வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவத்தில் தேய்ந்துபோயிருந்தது. ஆணியால் நெம்பி உள்ளங்கையில் விழவைத்தார்.

வளையத்தின் விளிம்பில் மூன்று புள்ளிகள் இருந்தன. உளியால் தட்டிய புள்ளிகள்.

அவர் தட்டியவைதான். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம். அந்த அளவில் புது புஷ் கடையில் இல்லை. மறுநாள் விடியலில் தம்பிக்கு லோடு இருந்தது. பழையதையே மூன்று இடத்தில் தட்டி இறுக்கி, கிரீஸ் வைத்துப் போட்டுக் கொடுத்தார். “அடுத்த வாரம் வாடா, புதுசு போட்டுடலாம்” என்றார். அவனும் சரிண்ணே என்றான். அடுத்த வாரம் இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருவன் வண்டியாக இருந்தால் அப்படிப் போட்டுக் கொடுத்திருக்க மாட்டார், நாலு கடை ஏறி இறங்கியாவது புதிதை வாங்கி வந்திருப்பார். தம்பி வண்டிதானே என்றிருந்துவிட்டார். மறக்காமல் பொட்டு மட்டும் வைத்திருக்கிறார்.

எவ்வளவு நேரம் அப்படியே குந்தியிருந்தார் என்று தெரியவில்லை. வெயில் சாக்கின்மேல் வந்துவிட்டது.

“பெரியப்பா!”

அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்தார். குழாய் பக்கம் ஒரு அடி போனார். கழுவ நேரமில்லை என்று தெரிந்தது. அப்படியே உள்ளே போனார்.

கட்டிலில் கிடந்தவனை முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தம்பி ஆறடி உயரம், இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குகிறவன். இங்கே மஞ்சள் பூத்த தோலுக்குள் எலும்புகள்தான் கிடந்தன, வயிறு மட்டும் உப்பியிருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. அவை ஜன்னலையும் பார்க்கவில்லை, இவரையும் பார்க்கவில்லை. மூச்சு ஒன்று வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று.

“இப்பத்தான் தண்ணி கேட்டார்” என்றாள் தம்பி மனைவி. கையில் ஸ்பூன் இருந்தது. “வாய்க்குள்ள போகல. வெளியவே வந்துடுச்சு.”

அண்ணன் தலைமாட்டில் குனிந்தார். “டேய்” என்றார். “நான்டா.”

மூச்சு வந்தது.

“புஷ்ஷு தேஞ்சு போயிருக்குடா. அதான் சூட்டுல இறுகுது. அது நான் போட்டது. பழசைத் தட்டிப் போட்டேன்ல, அதேதான். உன் மேல ஒண்ணும்...”

“மாமா, இப்ப எதுக்கு மாமா வண்டியப் பத்தி” என்றாள் தம்பி மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோலத்தான் சொன்னாள்.

அவர் நிறுத்திக்கொண்டார். தம்பியின் கையைப் பிடித்தார். அந்தக் கை குளிர்ந்திருந்தது. பிடித்த இடத்திலெல்லாம் கருப்பாக ஒட்டியது. கிரீஸைத் துடைக்கலாமென்று கட்டைவிரலால் தேய்த்தார், இன்னும் அகலமாகப் பரவியது.

அடுத்த மூச்சுக்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். தெருவில் யாரோ ஒரு பாத்திரத்தை அலம்பிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அது நின்றது. காத்துக்கொண்டே இருந்தார்கள். முதலில் மகளுக்குத்தான் புரிந்தது. அவள் அம்மாவின் கையிலிருந்து ஸ்பூனை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

அதன் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், லோடு ஏற்றுகிற இடத்து ஆட்கள், இரண்டு டிரைவர்கள். ஒவ்வொருவரும் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து, முற்றத்தில் சாக்கின்மேல் பிரிந்துகிடந்த மோட்டாரைத் தாண்டி உள்ளே போனார்கள். தம்பி மனைவி அழுதாள், வருகிறவர்களுக்குப் பதில் சொன்னாள், மறுபடி அழுதாள். “அண்ணன் வந்துட்டார், அவரைப் பாத்துட்டுத்தான் இவர் போயிருக்கார்” என்று ஒரு கிழவரிடம் அவள் சொல்வது முற்றத்துக்குக் கேட்டது. “அந்த மட்டுக்கும் நிம்மதி” என்றார் கிழவர்.

அண்ணன் மறுக்கவில்லை. புஷ்ஷைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சாக்கில் கட்டினார்.

நாலு மணிக்கு உடலை எடுத்துப்போக வேன் வந்தது. வேன்காரர் கேட்டையும் பிக்கப்பையும் மாறி மாறிப் பார்த்தார். “இப்படி இருந்தா எப்படிங்க தூக்கிட்டு வர்றது? ஆள் நுழையற இடம்தான் இருக்கு. வண்டியை எடுத்துருங்க.”

“செல்ஃப் கழட்டிப் போட்டிருக்கு” என்றார் ஒரு டிரைவர். “எவன் கழட்டினது, இன்னிக்குன்னு பாத்து?”

“நான்தான்” என்றார் அண்ணன்.

டிரைவர் பிக்கப்பைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, “அதனால என்ன, தள்ளிடலாம். ஆள்தான் இருக்காங்களே” என்றார்.

தம்பி மகள் முகம் கழுவிக்கொண்டு வந்து கேபினில் ஏறினாள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, தெருவைத் திரும்பிப் பார்த்தாள். ஏழெட்டுப் பேர் முன்பக்கம் வந்து நின்று கிரில்லிலும் பானட்டிலும் கை வைத்தார்கள். அண்ணன் நடுவில் நின்றார். இரண்டு உள்ளங்கைகளையும் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஊன்றிக்கொண்டார்.

மூன்று மாதம் நின்ற டயர்கள் முதலில் மசியவில்லை. யாரோ ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். பிறகு வண்டி மெல்ல அசைந்து பின்னால் உருண்டது. கேட்டைத் தாண்டியது. தெருவில் அவள் ஸ்டியரிங்கை ஒடித்து எதிர்ச் சுவர் ஓரமாகக் கொண்டுபோனாள். வழி கிடைத்துவிட்டது. எல்லோரும் கையெடுத்து உதறிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்குள் போனார்கள்.

அண்ணன் தலையைக் குனிந்து, காலை மண்ணில் உதைத்து, தள்ளிக்கொண்டிருந்தார்.

அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“போதும் பெரியப்பா. பிரேக் போட்டுட்டேன்.”